மூட்டைக்கு ஒரு ரூபாய்

மேடம் எந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்பும் அதை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். ஆடவில்லை என்றால் "இன்னிக்கு ஆடலை" என்று சொல்லிவிட்டு உட்காருவார். நாளைக்கும் ஆடமாட்டேன் என்று நாற்காலி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் இவருக்கு மனசு ஆறும் என்று நான் நினைத்துக்கொள்வேன். கரை மெலிந்த வெள்ளைப் புடவை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச், தோளில் ஒரு காக்கித் துணிப்பை. செக்ரட்டேரியட்டில் நிதித்துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த முப்பது வருஷத்தில் அவர் மேசைக்கு வந்த எந்தக் காகிதமும் முதல் தடவையே தேறியதில்லை என்று வலியசாலையில் சொல்வார்கள். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இதையும் சரிபார்க்கக் கிளம்பி வந்துவிடுவார் என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நான் அப்போது வலியசாலையில் ஒரு வாடகை வீட்டில் நடந்த குழந்தைகள் மையத்தில் கவுன்சலராக இருந்தேன். மையம் என்றதும் பெரிதாக எதையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். மூன்று அறை, பின்னால் இரும்பு வலை போட்ட ஒரு கிணறு, வாரத்தில் இரண்டு நாள் வரும் டாக்டர், ஆறு நாளும் இருக்கும் நான். அப்பா இறந்தபின் தூங்காத பிள்ளை, பள்ளிக்கூட வாசலைக் கண்டாலே வாந்தி எடுக்கும் பிள்ளை, கோபம் வந்தால் தன் கையையே கடித்துக்கொள்ளும் பிள்ளை என்று வருவார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்படுகிற தாய்மார்கள் எங்களிடம் பயப்படாமல் வந்தார்கள். வாசல் பலகையில் 'மனநலம்' என்ற வார்த்தையை டாக்டர் வேண்டுமென்றே விட்டிருந்தார். ட்யூஷன் சென்டர் என்று நினைத்துக் கணக்குப் பாடத்துக்குச் சேர்க்க வந்தவர்களும் உண்டு.

பணம் ஒரு கம்பெனி கொடுத்தது, மூன்று வருஷத்துக்கு. கம்பெனிக்காரர்களுக்கு மூன்று வருஷம் என்பது ரொம்பப் பிடித்த அளவு. பிள்ளைகளின் பயத்துக்கு அந்த அளவு தெரியாது. வருகிற மார்ச்சோடு பணம் முடிகிறது என்று கடிதம் வந்தபோது, என் அறைக்குச் சனிக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்த ஒரு எட்டு வயதுப் பெண்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தாள். வீட்டில் பேசுவாள், வீட்டைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷமாக வாய் திறக்கவில்லை. அவள் அம்மா ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் மிளகாய் வற்றல் பொறுக்குகிறவள். பதினொரு மாதம் உட்கார்ந்தபின் அந்தப் பெண் ஒருநாள் பின்கட்டுக்குப் போய், கிணற்று வலையின் மேல் முகத்தை வைத்து, உள்ளே பார்த்து "ஏய்" என்றாள். கிணறு திருப்பி "ஏய்" என்றது. அன்றைக்கு நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கிணற்றோடு அவளுக்குப் பேச்சு. அடுத்தது என்னோடு என்று நான் காத்திருந்த நேரத்தில்தான் அந்தக் கடிதம். என் சம்பளமும் அதே பணத்தில்தான் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், எல்லாம் பிள்ளைக்காகத்தான் என்று நடிக்கவேண்டாம்.

டாக்டர்தான் மேடத்தைக் கூட்டிவந்தார். மையம் நின்றுபோகாமல் நடக்க ஒரு திட்டம் போட்டுத் தருவார், ஒரு பைசா வாங்கமாட்டார் என்றார். காசு வாங்காமல் வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு. நான் பாறசாலைப் பக்கத்துக்காரி. எங்கள் கிறிஸ்தவ சபையில் அப்படிச் சும்மா வேலை செய்த பலர் கடைசியில் எதையாவது கேட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

மேடம் நாற்காலியை ஆட்டிப் பார்த்து உட்கார்ந்தார். பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இதுவரைக்கும் யார் யார் தந்தா? எப்போ எப்போ நிறுத்தினா?" என்றார். டாக்டர் சொன்னார். "நிறுத்தறதுக்கு முன்னாடி உங்ககிட்டே பறஞ்சாளா, இல்லை லெட்டர் வந்துதா?" என்று மலையாளம் கலந்த தமிழில் அடுத்த கேள்வி. தருகிறவர்களைப் பற்றி அவருக்குத் தெரியவேண்டியிருந்தது இவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் சம்பளம் இந்தப் பணத்துலேர்ந்தாக்கும், இல்லையோ? அதாக்கும் தப்பு. ஒரு தடவை வர பணத்துக்கு அலமாரி வாங்கலாம், பாய் வாங்கலாம். ஆளை வெக்கப்படாது. மாசாமாசம் வர பணத்துலேதான் ஆள்" என்றார். நான் ஏதோ அலமாரிக்குப் பதிலாகத் தவறி வாங்கிவிட்ட சாமான் மாதிரி எனக்கு இருந்தது.

அதற்கப்புறம் தினமும் வந்தார். தாய்மார்கள் காத்திருக்கிற பெஞ்சில் யாரோ ஒரு பிள்ளையின் பெரியம்மா போல உட்கார்ந்துகொள்வார். எந்த ஊர், எங்கே வேலை, எத்தனை பஸ், வர எவ்வளவு ஆகிறது, வேலைக்குப் போகாததால் எவ்வளவு போகிறது என்று பேச்சுக் கொடுத்து, அவர்கள் உள்ளே போனதும் சின்ன நோட்டில் பென்சிலால் குறிப்பார். ஒருநாள் நான் கதவைத் திறந்தபோது ஒரு அம்மாவிடம், "இந்தப் பொண்ணு குழந்தைகளை அதட்டுமோ? உள்ளே போனா கதவைச் சாத்திக்கறாளே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பொண்ணு என்றது என்னை. என்னைப் பார்த்த பிறகும் பேச்சை மாற்றவில்லை. பதிலுக்காக அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு விஷயமும் மனசில் முள்ளாக இருந்தது. பதினொரு மணிக்கு எல்லோருக்கும் சாயா வரும், நான்தான் போடுவேன். மேடம் தொடமாட்டார். துணிப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடிப்பார். வலியசாலை அக்ரஹாரத்து அம்மாளுக்கு எங்கள் ஜாதிக்காரி கையால் சாயா இறங்காது என்று நான் முதல் வாரத்திலேயே தீர்மானித்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொள்கிற விஷயங்கள் இந்த ஊரில் எங்களுக்கு நிறைய உண்டு.

ஒருநாள் காலையில் "வா, ஒரு கடைக்குப் போகணும்" என்று என்னை ஆரியசாலைக்கு அழைத்துப்போனார். நாங்கள் போன மொத்தக் கடையின் அண்ணாச்சி வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர், பூர்விகம் திருநெல்வேலி. இவர்களிடம் மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. கடைக்கு வருகிற ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று ஒதுக்கி, கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கொடுப்பார்கள். மேடம் போட்ட திட்டம் இதுதான்: சங்கத்துக் கடைகள் எல்லாம் மூட்டைக்கு ஒரு ரூபாய் மையத்துக்கு மகமையாக எடுத்துவைக்கவேண்டும், அதிலிருந்து கவுன்சலர் சம்பளம். வீட்டு வாடகையைக் கார்ப்பரேஷனின் வருஷத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி வார்டு சபையில் எழுதிக் கொடுத்திருந்தார். தாய்மார்களின் பஸ் கூலிக்கு, யார் பிறந்தநாள் கல்யாணநாள் என்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

"கம்பெனிக்கு மூணு வருஷத்துலே புத்தி மாறும். ஜனங்க மிளகா திங்கறது எப்போ நிக்கும்? நீ பறை, கேக்கட்டும்" என்றார் வழியில். கேட்டபோது எனக்கே அசந்துபோயிற்று. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. "கோயிலுக்குன்னா சரி, பள்ளிக்கூடம்னாலும் சரி. புத்தி சரியில்லாத பிள்ளைகளுக்கு மகமையா? கேட்டா நாலு பேரு சிரிப்பாங்கம்மா."

"புத்தி சரியில்லாத குழந்தைன்னு யார் சொன்னா? பயந்துபோன குழந்தை" என்றார் மேடம். "ஒரு வருஷமா பள்ளிக்கூடத்துலே வாயே திறக்காத குழந்தை இருக்கு. பேர் பறயமாட்டேன்."

கடையின் உள்பக்கம் மிளகாய்க் குவியலுக்கு முன் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்க மோளாக்கும் அண்ணாச்சி அது" என்றாள்.

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். ஆறு வருஷமாகத் தன் கடையில் இருக்கிறவள். "சொல்லவே இல்லையேம்மா" என்று மெதுவாகச் சொன்னார். வெளியே வந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. பஸ் ஸ்டாப் வருவதற்குள் வேறு நினைப்பு வந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து யார் எங்கே வேலை செய்கிறாள் என்று நோட்டில் குறித்தவர் மேடம்தானே. அவள் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தானே அந்தக் கடைக்கு வந்தார். அந்தத் தாய் எழுந்து வருவாள் என்றும் கணக்குப் போட்டிருப்பாரோ? கேட்டேன். "நேரம் பத்தரை. கடையிலே கூட்டம் இருக்காத நேரம்" என்று மட்டும் சொன்னார்.

ஜனவரியில் கம்பெனியிலிருந்து புதிதாக ஒரு கடிதம் வந்தது. இன்னும் மூன்று வருஷம் தரத் தயார். ஆனால் தொடக்க விழாவில் காட்ட இரண்டு நிமிஷப் படம் ஒன்று வேண்டும், அதில் 'பேசாதிருந்து பேசத் தொடங்கிய குழந்தை' வரவேண்டும். அந்தக் குழந்தையைப் பற்றி வருஷ அறிக்கையில் பெருமையாக எழுதியவள் நான்தான். முகத்தை மறைத்து எடுக்கலாம், பின்பக்கமாக நிற்கவைத்து எடுக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, அவள் அம்மாவிடம் பேசினேன். "டீச்சர் பறஞ்சா செய்யலாம்" என்றாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, டாக்டரின் அனுமதியோடு மேடம் கம்பெனிக்குப் பதில் எழுதி அனுப்பிவிட்டது தெரிந்தது. வேண்டாம் என்று நாலு வரி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"மகமைக்குச் சங்கம் இன்னும் சம்மதிக்கல்ல. வார்டு சபையில எழுதிக் குடுத்தது அடுத்த வருசம் வருமோ வராதோ. கையில வந்ததத் தள்ளிவிட்டுட்டிய. அந்தத் தாய் சம்மதிச்சாச்சு மேடம்!"

"உன் முகத்தைப் பாத்து அவளால மாட்டேன்னு பறய முடியுமா? மாட்டேன்னு பறய முடியாதவ சரின்னா, அது சம்மதமா?"

பதில் இல்லாதபோது எனக்கு வேறு எங்கோ இருப்பது வாயில் வந்துவிடும். "எங்க கையால ஒரு சாயா குடிக்க ஒங்களுக்கு ஆகாது. எனக்க சம்பளத்தத் தடுக்க மட்டும் ஆகும், இல்லியா?"

மேடம் முகத்தில் முதல் தடவையாக ஒரு குழப்பம் தெரிந்தது. "அந்தச் சாயாவுக்குப் பாலும் சர்க்கரையும் குழந்தைகளுக்கு வந்த பணத்துலே வாங்கறது. நான் குழந்தையா? உன் ஆத்துக்கு ஒருநாள் கூப்பிடு, அங்கே குடிக்கறேன்."

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். குடித்துவிட்டால் நான் வெட்கப்படவேண்டியிருக்கும் என்றுதான் கூப்பிடவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அவர் வராமல் சாக்குச் சொல்லியிருப்பார் என்றும் சில நாள் தோன்றுகிறது. இது எனக்கு இன்றுவரை தீரவில்லை.

பிப்ரவரியில் ஒருவன் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, கிணற்றங்கரையிலிருந்து தெருவாசல் வரைக்கும் வீட்டை அளந்தான். யார் அனுப்பியது என்று கேட்டதற்கு, "வீட்டுக்காரர் பறஞ்சு வந்ததாக்கும்" என்றான். வீட்டுக்காரர் பெங்களூரில் இருக்கிறார் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரியும். அதே வாரம் கார்ப்பரேஷனிலிருந்து வீட்டு வரிச் சீட்டு ஒன்று ஜன்னல் வழியாக விழுந்தது. உரிமையாளர்கள் என்று இரண்டு பேர். ஒன்று நாங்கள் வாடகை அனுப்புகிற பெங்களூர்க்காரர். இன்னொன்று மேடம்.

சீட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கேட்டேன். பெங்களூர்க்காரர் அவருடைய தம்பி. தெருவில் கேட்டால் யாரும் சொல்லியிருப்பார்கள், நான்தான் அதுவரை கேட்டதில்லை. இத்தனை மாதமாகக் கொடுக்கிற எல்லோரையும் நோண்டிக் கேள்வி கேட்டவர், தனக்கு அந்த வீட்டில் பங்கு இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. கார்ப்பரேஷன் வாடகை கொடுத்தால் அவருக்கு நிலையான வரும்படி. மையம் படுத்துவிட்டால் வீட்டை விற்கலாம், அப்போதும் அவருக்குத்தான் லாபம். கம்பெனிப் பணத்தை ஏன் தள்ளினார் என்று எனக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். தனியாகப் போய் அவரிடமே கேட்டிருக்கலாம். அன்றைக்கு எனக்கு இருந்த ஆத்திரத்தில் அது தோன்றவே இல்லை.

மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்து மாடியில் கூட்டம். மகமை உண்டா இல்லையா என்று அன்றைக்கு முடிவு. முப்பது வியாபாரிகள் இருந்திருப்பார்கள். மேடம் பத்து நிமிஷம் பேசினார், நன்றாகவே பேசினார். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "வேற யாருக்கும் எதுவும் சொல்லணுமா?" என்று அவர் சம்பிரதாயத்துக்குக் கேட்டபோது நான் எழுந்துவிட்டேன்.

வரிச் சீட்டைக் காட்டினேன். அளக்க வந்தவனைச் சொன்னேன். "இந்த மையம் நடக்குத வீடு இவங்களுக்க வீடு. அத இதுவரைக்கும் யாருட்டயும் சொல்லல்ல. எனக்கு இவங்க மேல நம்பிக்கை இல்ல" என்றேன்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"டீச்சர், மகமைங்குறது எங்களுக்குச் சாமி காசு. அதுல ஒரு சொல்லு விழுந்துட்டுன்னா பொறவு நாங்க தொடமாட்டோம். விசயத்தை இதோட விட்டுருவோம்."

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. மேடத்தைப் பிடிக்கப் போய் மூட்டையைத் தூக்கி ஆற்றில் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை அந்தப் பெண் வருவாள், அதற்கடுத்த சில சனிக்கிழமைகளும் வருவாள், பிறகு வாசலில் பூட்டுத் தொங்கும்.

மேடம் எழுந்தார். "இந்தப் பொண்ணு பறஞ்சது முழுக்க நேராக்கும். வீட்டிலே எனக்குப் பாதி பங்கு. நான் சொல்லியிருக்கணும். சொல்லலை" என்றார். ஏன் சொல்லவில்லை என்று அவர் விளக்கவில்லை. பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, "அதுக்குக் குழந்தைகளை எதுக்கு விடறேள்? என்னை விட்டுடுங்கோ. இன்னியோட நான் இதிலே இல்லை. பணம் எடுக்கறதுக்கு உங்க கையெழுத்தும் இவ கையெழுத்தும் போரும்" என்று என்னைக் காட்டினார்.

"டீச்சரையா நம்பச் சொல்லுதீங்க?" என்றார் அண்ணாச்சி.

"இவளையும் நம்பவேண்டாம். மாசத்துலே ஒருநாள் புஸ்தகத்தைத் திறந்து வெக்கட்டும். மூட்டை தூக்கறவன்கூட வந்து கேக்கட்டும், இவ பதில் பறயட்டும். முப்பது பேர் இருந்த இடத்துலே எழுந்து நின்னு பறஞ்சாளோ இல்லையோ, இவளுக்கு அது முடியும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டார்.

அண்ணாச்சி கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "அந்தப் பிள்ள எங்கடையில இருக்கவ மகளாக்கும். நான் எங்கடையில இருந்து எடுத்துவைக்கேன். இஷ்டம் உள்ளவங்க வாங்க" என்றார். அன்று பதினேழு கடைகள் சேர்ந்தன.

மேடம் நல்லவர், நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று இங்கே முடித்துவிடலாம்தான். ஆனால் ஜூன் மாதத்தில் அந்த வீட்டை விற்றார்கள். தம்பியும் விற்றார், மேடமும் கையெழுத்துப் போட்டார். கார்ப்பரேஷன் வாடகைக்கு ஒத்துக்கொள்வதற்குள் எங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நான் அவரைத் தெருவில் பிடித்துக் கேட்டேன்.

"பங்கு இருந்துது, வித்தேன். அதிலே உனக்கென்ன?" என்றார்.

"அந்தக் கொச்சு அந்தக் கிணத்துக்கிட்ட மட்டுந்தான் பேசும் மேடம். ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் அவரை வெறுத்தேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அண்ணாச்சி தன் கிட்டங்கியின் மேல்மாடியை ஒழித்துக் கொடுத்தார். பிளைவுட் அடித்து இரண்டு அறை ஆக்கினோம். கீழே மிளகாய் மூட்டை, மேலே நாங்கள். வருகிற பிள்ளைகள் எல்லாம் தும்மினார்கள். அந்தப் பெண் இரண்டரை மாதம் மறுபடி ஊமையாக உட்கார்ந்திருந்தாள். ஒரு சனிக்கிழமை அடுக்கடுக்காக ஆறு தும்மல் போட்டாள். நானும் போட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, "எரியுது டீச்சர்" என்றாள். கிணறு இல்லாமல், என் முகத்தைப் பார்த்து. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் வாய் திறக்க இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. அந்த வருஷம் முழுக்க மகமை வந்தது.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை புத்தகத்தைத் திறந்துவைப்பேன். அண்ணாச்சி ஒரு பார்வை பார்ப்பார். சுமைதூக்கும் ஆட்கள் இரண்டொருவர் வேடிக்கைக்கு வருவார்கள். தவறாமல் வந்தது மேடம் மட்டும்தான். பொதுஜனம் மாதிரி வரிசையில் நிற்பார், தன் முறை வந்ததும் ஒவ்வொரு வரியாகப் பென்சில் முனையால் தொட்டுக்கொண்டே போவார். "ஸ்டேப்ளர் பின் ரெண்டு பெட்டி எதுக்கு?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், பதில் சொல்வேன். அந்தப் பெண்ணைப் பற்றி ஒருநாள்கூடக் கேட்கவில்லை. இரக்கமில்லாத மனுஷி என்று அதையும் சேர்த்துக் குறித்து வைத்திருந்தேன். ஒரு மாதம் பஸ் கூலிப் பக்கத்தில் பென்சில் நின்றது. "இவ ரெண்டு ஆழ்ச்சயா வரலையே?" என்றார். மிளகாய் பொறுக்குகிறவளுக்கு நாங்கள் கொடுத்த பஸ் கூலியைத்தான் தொட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாகப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றேன். "ஓ" என்று பக்கத்தைத் திருப்பினார். எத்தனை மாதமாக அந்த ஒரு வரியை இப்படிப் பார்த்து வருகிறாரோ, எனக்குத் தெரியாது.

கடைசியாக அவர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. புத்தகம் பார்க்கிற நாள் அல்ல. கையைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு வயதில் ஒரு பெண் குழந்தை, தம்பியின் பேத்தி. பெங்களூரில் தாயும் தகப்பனும் பிரிந்த பிறகு குழந்தை சாப்பிடுவதில்லை, தொட்டால் அலறுகிறது என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். அந்த வீட்டுக்கு டாக்டர் கிடைக்காத ஊரா பெங்களூர்? கூட்டிக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். நம்பர் வாங்கிக்கொண்டு, நாலாவது ஆளாகக் காத்திருந்தார்.

முதல் தடவை மட்டும் பிள்ளையோடு வந்தவர்கள் உள்ளே இருக்கலாம், அது எங்கள் வழக்கம். மேடம் உள்ளே வந்து மூலையில் உட்கார்ந்து, நான் என்ன சொல்கிறேன், எப்படிச் சொல்கிறேன் என்று நோட்டை எடுப்பார் என்று மனசைத் தயார் செய்துகொண்டேன். குழந்தையின் கையை என் கையில் கொடுத்துவிட்டு, "நான் வெளியிலே இருக்கேன்" என்றார். ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் தானே சாத்திவிட்டுப் போனார்.

குழந்தைக்குக் கலர் பென்சில்களை எடுத்துப் போட்டேன். அது தொடவில்லை. சும்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பிளைவுட் சுவர், அந்தப் பக்கம் பெஞ்சில் பேசுவது எல்லாம் இந்தப் பக்கம் கேட்கும். அன்றைக்கு முதல்முறையாக வந்திருந்த ஒரு தாய் மேடத்திடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மாமி, இவிட அந்த டீச்சர விஸ்வசிச்சுப் பிள்ளைய உள்ள விடலாமா?"

நான் சுவர்ப்பக்கம் காதைத் திருப்பினேன்.

"அவ என்னையே நம்பலை" என்றார் மேடம். "தைரியமா விடுங்கோ."